சீட்டு விழுந்தது செல்வமணிக்கு

அடுத்த மாதம் நீங்கள் மலையேறப் போகிறீர்கள். கணினி உலகப் படத்தில் எங்காவது ஒரு புள்ளி வைக்கும். அது நம் ஊவா மாகாணத்தில் விழுந்தால், அந்த இடத்துக்குப் போய், அங்கே வாழ்பவர்களைக் கேட்டு, விருப்பமுள்ளவர்களுக்குள் சீட்டுப் போட்டு, ஒருவரைப் பல நாட்டுக் குடிமக்கள் சபைக்கு அனுப்பி வைப்பது உங்கள் வேலை. எப்படிக் கதவைத் தட்டுவது, எத்தனை பேரைக் கேட்பது, வயதையும் படிப்பையும் எப்படிக் கலந்து எடுப்பது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசச் சொன்னால் அவள் தனக்குப் பிடித்ததைத்தான் பேசுவாள். எனக்குப் பிடித்தது மடுல்சீமை. அதற்கு முன் சின்னதாக ஒன்று.

பரிசுச் சீட்டைக் குறிக்கும் "லொத்தர்" என்ற சொல்லை மறந்தும் வாயில் எடுக்காதீர்கள். எங்களுக்கு முதன்முதலாகக் கிடைத்த புள்ளி பதுளை பஜாரில் விழுந்தது. நானும் மொழிபெயர்ப்பாளர் ரிஸானாவும் ஒரு துணிக்கடைக்குள் போனோம். ரிஸானா பண்டாரவளைக்காரி, என்னைவிட நிறைய இளையவள். சபையில் நம் ஆள் பேசுவதை ஆங்கிலத்திலும், மற்றவர்கள் பேசுவதைத் தமிழிலும் சொல்வது அவள் பொறுப்பு. கடை முதலாளி துணி அளந்துகொண்டே எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். உலகம் முழுவதிலுமிருந்து லொத்தர் முறையில் ஆட்களை எடுக்கிறோம், உங்கள் பெயரும் வரலாம் என்று முடித்தேன்.

"தங்கச்சி, போன கிழமையும் ஒருத்தன் எனக்கு லொத்தர் விழுந்திருக்குன்னு சொன்னான்," என்றார் அவர். "அவன் ஃபோன்லதான் பேசினான். நீங்க ரெண்டு பேரும் நேர்லயே வந்துட்டீங்க. தைரியந்தான்."

பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார். பெயரை மட்டும் தரவில்லை. வெளியே வந்து ரிஸானா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து நாங்கள் "சீட்டுக் குலுக்குறது" என்றே சொன்னோம். தோட்டத்து வரிசை வீடுகளில் சீட்டுப் பிடிக்காத லயம் உண்டா? குலுக்கும்போது யார் முகத்தையும் பார்ப்பதில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

சரி, மடுல்சீமைக்கு வருகிறேன்.

அந்த வருஷம் புள்ளி மடுல்சீமைக்கும் அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் விழுந்தது. பதுளையிலிருந்து பஸ், பஸ் நின்ற இடத்திலிருந்து முச்சக்கர வண்டி, வண்டிக்காரர் "இதுக்கு மேல ஏறாதுங்க" என்று கையை விரித்த இடத்திலிருந்து நடை. மழை பெய்து ஓய்ந்த காலை. ரிஸானா சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தாள். இன்றைக்கு என் முழங்கால் அந்தப் பாதையில் ஒரு வளைவுகூட ஏறாது. ஆனால் மழைக்குப் பிறகு வெயில் அடிக்கும் எந்தக் காலையிலும் நான் அங்கேதான் நடந்துகொண்டிருக்கிறேன்.

தோட்டத் தலைவர் மருதமுத்து எங்களை வரவேற்றார். தொழிற்சங்கத்துக்கு அந்தத் தோட்டத்தில் அவர்தான் தலைவர். நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் போகப்போக அவர்மேல் உங்களுக்குக் கோபம் வரலாம். ரொட்டியும் சம்பலும் கொடுத்து உட்காரவைத்துச் சொன்னார்:

"மிஸ், வீடு வீடா எதுக்கு ஏறி எறங்குறீங்க? நல்லா பேசக்கூடிய ஆள நானே தர்றேன். எங்க அண்ணன் மக டீச்சருக்குப் படிக்குது. இங்கிலீசும் வரும். உலகத்துக்கு முன்னால எங்கள காட்டணும்னா அந்த மாதிரி புள்ளதான் போகணும்."

"நாங்க போற வழியில அவங்க வீடு வந்தா கட்டாயம் கேப்போம் தலைவர்."

தோட்டத்துக் கோயிலிலிருந்து புறப்பட்டோம். ஒவ்வொரு லயத்திலும் சில கதவுகளைத் தாண்டி ஒரு கதவு என்பது எங்கள் ஒழுங்கு. அந்தப் பெண்ணின் வீடு வரவில்லை. மருதமுத்துவின் முகம் வாடியது, ஆனாலும் அவர் தடுக்கவில்லை.

மேட்டு லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், செல்வமணி இருந்தாள். நாற்பதைத் தாண்டியவள், கொழுந்து எடுப்பவள். நாங்கள் அந்தக் கதவை நெருங்கியபோது கூடவே வந்த பெண்கள் பின்தங்கிவிட்டார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மழையும் வெயிலும் முறை தவறிப் போவதைப் பற்றிப் பல நாட்டுச் சாதாரண மக்கள் கூடிப் பேசப் போகிறார்கள், திரையில் முகம் பார்த்துப் பேசுவார்கள், கடைசியில் அவர்கள் சேர்ந்து எழுதுவது அரசுகளுக்குப் போகும் என்று விளக்கினோம். அவள் ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"நான் பேசுறப்ப அங்க யாராச்சும் எந்திரிச்சு போயிருவாங்களா மிஸ்?"

"போக மாட்டாங்க. அங்க அதுதான் முதல் ஒழுங்கு."

"அப்ப என் பேரையும் சேத்துக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து வாசிகசாலையில் குலுக்கினோம். ஊர் முன்னால்தான் குலுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அலுவலகத்தில் குலுக்கி அறிவித்தால், நீங்களாகவே ஒருவரை எடுத்துவிட்டீர்கள் என்றுதான் பேச்சு வரும். சம்மதித்த ஆறு பேரின் சீட்டுகளையும் ஒரே மாதிரி மடித்து ஒரு செம்பில் போட்டோம். பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னோம். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். விரித்தார், பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மெல்லப் படித்தார்.

"செல்வமணி."

யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையிலிருந்து "அவளா?" என்று ஒரு குரல். வாங்குப் பலகைகள் நகரும் சத்தம் கேட்டது. ஒருவர் எழுந்தார், இன்னொருவர் எழுந்தார், கொஞ்ச நேரத்தில் மண்டபம் காலி. செல்வமணி மட்டும் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்ட கேள்வியின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மருதமுத்து என்னை வெளியே கூட்டிப்போனார்.

"சில வருஷத்துக்கு முந்தி ஸ்ட்ரைக்ல தோட்டமே நின்னுச்சு மிஸ். ஒரு ஆள் மலைக்கு போகல. இவ ஒருத்தி மட்டும் கூடைய மாட்டிக்கிட்டு போனா. அன்னைலேருந்து இவகூட யாரும் பேசுறதில்ல. நல்லது கெட்டதுக்கு கூப்பிடுறதில்ல. இவ எங்க சார்புல போறதா?"

"உங்க சார்புல போறதுக்கு நீங்க இருக்கீங்க, சங்கம் இருக்கு. இது அப்படி இல்ல தலைவர். இங்க வாழ்றவங்கள்ல ஒருத்தர் போறாங்க, அவ்வளவுதான்."

"அது ஒங்களுக்கு. வெளியிலேருந்து பாக்குறவனுக்கு இவதான் இந்தத் தோட்டம்."

அவர் தொடர்ந்தார்: "மறுபடி குலுக்குங்க. வாசிகசாலை சாவிய நானே ஒங்க கையில தர்றேன். இல்லாட்டி ஆளுங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியாது."

அந்தத் தோட்டத்தில் திரையில் படம் நின்று போகாமல் பேசக்கூடிய சிக்னல் இருந்தது வாசிகசாலையில் மட்டும்தான். அதை மூடினால் சபையும் இல்லை.

இரண்டு நாள் கழித்து மடுல்சீமைக் கடைத்தெருவில் நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது செல்வமணி வந்தாள். எங்களைத் தேடித்தான் இறங்கி வந்திருந்தாள்.

"மிஸ், என் பேர வெட்டிருங்க. வேற யாரையாச்சும் போட்டுக்கங்க."

நான் உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன்: எனக்கு முதலில் வந்தது நிம்மதி. தேர்வானவர் மறுத்தால் மறுபடி குலுக்கலாம் என்பது விதி. அன்று சாயங்காலத்துக்குள் பெயரை உறுதிசெய்யும்படி வெளிநாட்டிலிருந்த சபை ஒருங்கிணைப்பாளர் கேட்டிருந்தார். அவள் சொன்ன ஒரு சொல்லில் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடும். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. நான் ஃபோனைக் கையில் எடுத்தேன். ரிஸானா மெதுவாகச் சொன்னாள்:

"மிஸ், அவங்க இன்னும் தேத்தண்ணி குடிக்கலயே."

செல்வமணிக்கும் ஒரு தேத்தண்ணி சொன்னோம். குடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, பயமா என்று கேட்டேன்.

"பயமா? பயந்தவளா இருந்தா அன்னைக்கு மலைக்கு போயிருப்பேனா மிஸ்?"

"ஏன் போனீங்க?"

"கொழுந்து எடுக்குறது நாங்க. நிப்பாட்டுறதா வேணாமான்னு பொம்பளைங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கல. கூட்டம் போட்டாங்க, முடிவ சொன்னாங்க. எனக்கு ரோசம் வந்துருச்சு. போனேன்." கிளாசைக் கீழே வைத்தாள். "சரியா தப்பான்னு இன்னைக்கு கேட்டா எனக்கு சொல்லத் தெரியல. ஆனா போனேன்."

"இப்ப ஏன் வேணாங்குறீங்க?"

அவள் ஒரு பெயரைச் சொன்னாள். பாக்கியம் என்று ஒருத்தி, பக்கத்துக் காம்பராக்காரி. சின்ன வயதிலிருந்து இரண்டு பேரும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். ஸ்ட்ரைக்குக்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவது கேட்கும், அவ்வளவுதான்.

"அவ நேத்து என் வாசல்ல வந்து நின்னா மிஸ். 'செல்வமணி'ன்னு கூப்பிட்டா. இத்தன வருஷத்துக்கு அப்புறம் என் பேர அவ வாயால கேக்குறேன். எதுக்கு வந்தான்னா, 'நீ ஒதுங்கிக்க, எல்லாருக்கும் நல்லது'ன்னு சொல்லத்தான் வந்தா. சொல்லட்டுமே. அவ வந்தா இல்ல? அதுக்காகவே ஒதுங்கிரலாம்னு தோணிருச்சு."

ரிஸானா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கினால் அப்படித்தான் திரும்பிக்கொள்வாள்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். இந்த வேலையில் உங்களுக்கு வரப்போகும் பெரிய சிக்கல், வேண்டாம் என்பவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பது கிடையாது. வேண்டாம் என்பவரை விட்டுவிட வேண்டும், அது அவர் உரிமை. அந்த "வேண்டாம்" அவருடையதுதானா என்று கண்டுபிடிப்பதுதான் சிரமம். செல்வமணியின் "வேண்டாம்" பாதி அவளுடையது. மீதிப் பாதி தோட்டத்தினுடையது. இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

நான் கடைக்கு வெளியே போய் ஒருங்கிணைப்பாளரை அழைத்தேன். அவர் இளைஞர், மரியாதையான பிள்ளை. மறுத்துவிட்டாரா, சரி, மறுபடி குலுக்குங்கள் என்றார். மறுபடி குலுக்க மாட்டேன் என்றேன். அவருக்கு என் ஆங்கிலம் புரியவில்லை என்று நினைத்து இன்னொரு முறை சொன்னார். நானும் இன்னொரு முறை சொன்னேன். செல்வமணியை விலகவைத்தால் இன்னொரு சீட்டு விழும் என்று தோட்டத்துக்குத் தெரியும். அதனால்தான் அவளை நெருக்குகிறார்கள். இன்றைக்கு இங்கே விட்டுக்கொடுத்தால், நாளைக்கு ஒவ்வொரு நாட்டிலும், பிடிக்காத ஆளுக்குச் சீட்டு விழுந்தால் அவரை விலகவைத்து, பிடித்த ஆள் வரும்வரை குலுக்கிக்கொண்டே இருப்பார்கள். அவள் விலகினால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

காலியாக இருந்தால் உங்கள் மலைக்கே குரல் இருக்காதே என்றார் அவர். இருக்காதுதான் என்றேன். நானும் அந்த மலைப்பக்கத்தில் பிறந்தவள்தான். மேலே கேட்டுச் சொல்வதாக அவர் ஃபோனை வைத்துவிட்டு, இரண்டாவது தேத்தண்ணி ஆறுவதற்குள் மறுபடி அழைத்தார். ஞாயிறுவரை தவணை தந்தார்கள்.

மறுநாள் தோட்டத்துச் சங்கக் கமிட்டிக்காரர்களிடம் இதைச் சொன்னபோது பெரிய சத்தம். ஒருவர், தோட்டத்துக்கே தண்டனையா என்று கத்தினார். மருதமுத்து கத்தவில்லை. "நாங்க ஒருத்திய ஒதுக்குனோம், நீங்க எங்க எல்லாரையும் ஒதுக்குறீங்க," என்றார். அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஆனாலும் பேச்சை மாற்றவில்லை. அழுத்தம் கொடுப்பவரோடு வாதாடி வெல்ல முடியாது, பிள்ளைகளே. அந்த அழுத்தத்தால் அவருக்குக் கிடைக்கப்போகும் ஆதாயத்தை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு போய், தேர்வானவரைக் கேளுங்கள்.

கேட்கத்தான் போனோம். மத்தியானத் தேத்தண்ணிக்குப் பெண்கள் கூடையை இறக்கியிருந்த நேரம். செல்வமணி தனியாக ஒரு சவுக்கு மர நிழலில் இருந்தாள்.

"இப்ப நீங்க ஒதுங்கினா அதுல யாருக்கும் ஒண்ணும் கெடைக்காது செல்வமணி. வேற யாரும் போக மாட்டாங்க. உங்களுக்கே வேணாம்னா மட்டும் சொல்லுங்க, நாங்க எறங்கிப் போயிர்றோம்."

அவள் நிமிர்ந்து மேலே பார்த்தாள். பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்த பக்கம்.

"பாக்கியத்துகிட்ட கேட்டுட்டு சொல்றேன்."

ரிஸானா என் கையைப் பிடித்தாள். நெருக்கிய ஆளிடமே போய்க் கேட்கப் போகிறாளே என்று எனக்கும் பதறியது. தடுக்க வாயெடுத்தேன், தடுக்கவில்லை. செல்வமணி செடிகளுக்கு நடுவே ஏறிப் போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்று முதலில் கேட்கவில்லை. பிறகு சத்தம் உயர்ந்தது. பிறகு பாக்கியம் விறுவிறுவென்று எங்களிடம் இறங்கி வந்தாள். குள்ளமான, பருத்த பெண். பின்னாலேயே செல்வமணி.

"மிஸ், இவ அங்க போனா என்ன பேசுவா?"

"அவங்களுக்கு தோணுறத."

"அதான் எனக்கு பயம்." அவள் செல்வமணியின் பக்கம் திரும்பினாள். "நாங்க அத்தன பேரும் வெயில்ல குந்தியிருந்தப்ப எங்க முன்னாலயே கூடையோட போன. அத நான் மறக்கல. மறக்கவும் மாட்டேன். போறதுன்னா போ. ஆனா ஒன் பக்கத்த மட்டும் பேசிட்டு வராத. நான் வந்து கேப்பேன்."

"வா," என்றாள் செல்வமணி.

வாசிகசாலைச் சாவியைப் பாக்கியமே வாங்கிக்கொண்டு வந்தாள். மருதமுத்து அதை எப்படிக் கொடுத்தார் என்று நான் விசாரிக்கவில்லை. கொடுத்தார், அது போதும்.

அந்த மாதங்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். பின்னேரம் வேலை முடிந்து, முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு செல்வமணி திரைக்கு முன்னால் வந்து உட்காருவாள். திரையில் கடலோரத்தில் வலை பின்னும் ஒரு பெண், வறண்ட நாட்டில் ஆடு மேய்க்கும் ஓர் இளைஞன், குளிர் நாட்டில் பஸ் ஓட்டும் ஒருவர். அவர்கள் எல்லோருக்கும் எங்கோ இப்படி ஒரு சீட்டு விழுந்திருந்தது. ரிஸானா பேசிப் பேசித் தொண்டை கட்டி, கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டே மொழிபெயர்ப்பாள். முதல் சில கூட்டங்களில் செல்வமணி வாயே திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே குடையோடு பாக்கியம் நிற்பாள். பிறகு இன்னும் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். எல்லோரும் வரவில்லை. கடைசிவரை செல்வமணியோடு பேசாதவர்களும் அந்தத் தோட்டத்தில் உண்டு.

ஒரு பின்னேரம் மழையும் மண்சரிவும் பற்றிய பேச்சு வந்தது. செல்வமணி அன்றுதான் நீளமாகப் பேசினாள். சரிவில் இருக்கும் லயங்கள் ஆபத்து, மழை வரவரக் கூடுகிறது, ஆட்களை இறக்கி வேறு பாதுகாப்பான இடத்தில் வீடு கொடுத்தே ஆக வேண்டும் என்றாள். ரிஸானா அதைச் சொல்லி முடிக்கவில்லை, ஜன்னலிலிருந்து ஒரு கத்தல்.

"அது அப்படி இல்ல செல்வமணி!"

திரையில் எல்லா முகமும் நிமிர்ந்தது. கூட்டத்தை நடத்தியவர், அது என்ன குரல், என்ன சொல்கிறார் என்று கேட்டார். ரிஸானா என்னைப் பார்த்தாள். சீட்டு விழுந்தவர் மட்டுமே சபையில் பேசலாம். ஜன்னலில் நிற்பவர் பேசலாம் என்றால் நாளைக்கு மருதமுத்துவும் பேசுவார், அவருக்குப் பின்னால் தோட்ட நிர்வாகியான துரையும் பேசுவார். அதே சமயம், அந்தக் குரல் அங்கே வந்து நிற்பதற்கு எவ்வளவு பாடுபட்டோம் என்பதும் எனக்குத் தெரியும். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். ரிஸானா வாயை மூடிக்கொண்டாள். கஷ்டமாக இருந்தது, ஆனால் இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

செல்வமணி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், திரைக்குத் திரும்பினாள்.

"எங்க லயத்து ஆள் ஒருத்தி நான் சொல்றது தப்புங்குறா. அவ பேர் பாக்கியம். அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும், நானே சொல்றேன். எறக்கி எங்க விடுவீங்கன்னு கேப்பா. வேல மேல இருக்கு. முந்தி வேற தோட்டத்துல எறக்கி விட்ட ஆளுங்க இன்னைக்கும் விடியக் காலைல பஸ்ஸுக்கு நிக்கிறாங்க. அவங்ககிட்ட எங்க போறீங்கன்னு யாரும் கேக்கல. வீடு குடுத்தாங்க, வாழ்க்கைய குடுக்கல. இதத்தான் அவ சொல்லுவா." ஜன்னல் பக்கம் ஒருமுறை திரும்பினாள். "எனக்கு இன்னமும் எறங்குறதுதான் சரின்னு படுது. ஆனா அவ சொல்றதையும் எழுதிக்கங்க."

ரிஸானா மொழிபெயர்த்தாள். பஸ் ஓட்டுபவர் கையை உயர்த்தி, தன் ஊரிலும் ஆற்றங்கரைக்காரர்களை அப்படித்தான் மாற்றினார்கள், அவர்களையும் யாரும் கேட்கவில்லை என்றார். கடைசியில் சபை எழுதியதில், ஆபத்தான இடத்திலிருந்து மாற்றப்படுபவர்களைக் கேட்டே இடம் முடிவு செய்ய வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதை எந்த அரசு எவ்வளவு படித்தது என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் பேசவும் மாட்டேன்.

எனக்குத் தெரிந்தது அந்தப் பின்னேரம் மட்டும்தான். கூட்டம் முடிந்து நாங்கள் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தோம். வெளியே மழை தூறியது. பாக்கியம் கதவருகே வந்து நின்றாள்.

"அந்த பஸ் விஷயத்த சொன்ன, சரி. கோயில சொன்னியா? எறங்கிப் போனா கோயில யாரு பாக்குறது?"

"அத நீ இதுக்கு முந்தி சொன்னதே இல்லயே."

"சொல்லணுமா? ஒனக்கே தெரியாதா?"

"எனக்கு எப்புடி தெரியும், நீ என்கூட பேசுனாத்தான?"

"ஆமா, இப்ப பேசி என்னத்த கண்டேன்!"

ஒரே குடைக்குள், ஒருத்தியை ஒருத்தி பேசவிடாமல் சண்டை போட்டுக்கொண்டே, இரண்டு பேரும் மேட்டு லயத்துக்கு ஏறிப் போனார்கள். மூடுபனி அவர்களை மறைத்த பிறகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் ரிஸானாவும் விளக்கை அணைக்காமல், அது ஓயும்வரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.